ஃபியூஸ் பிடுங்கும் நாள் வருவதற்கு முன்

2030 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளின் அமைப்புக் குழுவில் அமரவிருக்கும் அனைவருக்கும், திருவனந்தபுரத்திலிருந்து ஒரு மடல்.

2025 நவம்பர் 26 அன்று கிளாஸ்கோவில் கூடிய காமன்வெல்த் விளையாட்டு அமைப்பின் பொதுச்சபை, 2030ஆம் ஆண்டுப் போட்டிகளை அகமதாபாத்துக்கு வழங்கியது. 1930இல் கனடாவின் ஹாமில்டன் நகரில் தொடங்கிய போட்டிகளுக்கு அது நூற்றாண்டு. வாழ்த்துகள் குவிந்திருக்கும், மைதான வரைபடங்கள் மேசைக்கு வந்திருக்கும். சின்னம் எது, தொடக்க விழாவில் யார் பாடுவது என்ற பேச்சும் தொடங்கியிருக்கலாம். இந்த மடலுக்கு அவற்றில் அக்கறை இல்லை. குழு எந்தச் சட்டத்தின்கீழ் பதிவாகிறது, தலைவரை நியமிப்பவர் யார், காசோலையில் கையெழுத்திடுபவர் யார், ‘இது வேண்டாம்’ என்று தடுக்க யாருக்கு அதிகாரம், கடைசி விருந்தாளி விமானம் ஏறிய பிறகு மின்கட்டணம் யார் தலையில் விழும் என்பவைதான் கேள்விகள். பத்திரிகையில் இவை உள்பக்கத்தில் நாலு வரியாக வரும். இந்தியாவில் பெரிய போட்டிகள் சறுக்கியது பெரும்பாலும் அந்த நாலு வரியில்தான்.

மின்கட்டணம் என்றது பேச்சுக்காக இல்லை. திருவனந்தபுரம் நகரின் வடக்கே, கழக்கூட்டத்துக்குப் பக்கத்தில், காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழக நிலத்தில் கிரீன்ஃபீல்டு மைதானம் நிற்கிறது. 35ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டி, 2015 ஜனவரியில் திறந்தார்கள். சுமார் 36 ஏக்கர், 15 ஆண்டுக் குத்தகை. ஐஎல்&எஃப்எஸ் என்ற உள்கட்டமைப்பு நிதிக் குழுமம் வடிவமைத்து, கட்டி, நடத்தி, பிறகு ஒப்படைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. திறந்தவெளி மைதானம் ஒன்றை இந்த முறையில் கட்டியது இந்தியாவில் அதுவே முதல் தடவை என்று அன்று பெருமையாகப் பேசப்பட்டது. பெருமைக்குக் காரணமும் இருந்தது. அந்த ஆண்டு இறுதியில் தெற்காசியக் கால்பந்துப் போட்டி அங்கே நடந்தது. 2016 ஜனவரி 3 அன்று ஆப்கானிஸ்தானை 2-1 என வென்று இந்தியா கோப்பையைத் தூக்கியது. 2017 நவம்பரில் நியூசிலாந்துடன் டி20 ஆட்டம். 1988இல் பல்கலைக்கழக மைதானத்தில் மேற்கிந்தியத் தீவுகள் ஆடிவிட்டுப் போன பிறகு இந்திய கிரிக்கெட் அணியின் சர்வதேச ஆட்டம் ஒன்றை ஊர் பார்க்கக் கிட்டத்தட்ட முப்பது வருடம் ஆயிற்று. மழை ஆட்டத்தை எட்டு ஓவராகச் சுருக்கியும் கூட்டம் கலையவில்லை.

2018இல் ஐஎல்&எஃப்எஸ் கடனைக் கட்ட முடியாமல் சரிந்தது. அக்டோபர் முதல் தேதி மத்திய அரசு தலையிட்டு அதன் இயக்குநர் குழுவையே மாற்றியது. மும்பையில் நடந்த அந்தச் சரிவின் எதிரொலி காரியவட்டத்துக்கு மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது.

2022 செப்டம்பர் 28 அன்று தென்னாப்பிரிக்காவுடன் டி20. ஆட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கேரள மின்வாரியத்தின் ஆட்கள் வந்து மைதானத்தின் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பாக்கி இரண்டு கோடி ரூபாய்க்கு மேல். மாநகராட்சிக்குக் கட்ட வேண்டிய சொத்துவரியும் நிலுவை. கட்ட வேண்டியவர் யார் என்று பார்த்தால் ஒரு நீண்ட வரிசை நின்றது. நிலம் பல்கலைக்கழகத்துடையது. நடத்துவது ஐஎல்&எஃப்எஸ்ஸின் துணை நிறுவனம். ஆட்டத்தை ஒதுக்கியது பிசிசிஐ. ஏற்பாடு கேரள கிரிக்கெட் சங்கத்துடையது. அது ஒப்பந்தத்தின் பேரில் உள்ளே வருகிற அமைப்பு. மைதானம் எந்தப் போட்டிகளுக்காக எழும்பியதோ அவை முடிந்து ஏழு வருடம். கல்யாணம் முடிந்து சம்பந்திகள் ஊருக்குப் போன பிறகு, பந்தல்காரர் கணக்கை எடுத்துக்கொண்டு வீடு வீடாக அலைகிற மாதிரிதான் மின்வாரியம் அலைந்தது.

கடைசியில் உறுதிமொழிகள் கைமாறின, இணைப்பு திரும்ப வந்தது, விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் அர்ஷ்தீப் சிங்கும் தீபக் சாஹரும் தென்னாப்பிரிக்காவை 9 ரன்னுக்கு 5 விக்கெட் என்று உருட்டிவிட்டார்கள். மறுநாள் காலை ஊரில் அதுதான் பேச்சு. மின்கட்டணத்தைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. அமைப்புக் குழுக்களுக்கு விளையாட்டு செய்துகொடுக்கும் மிகப் பெரிய சலுகை இதுதான்: ஒரு நல்ல ஆட்டம் நடந்துவிட்டால் போதும், கணக்கு மறந்துபோகும்.

எப்போதும் மறக்காது என்பதும் அதே மைதானத்தில் தெரிந்தது. 2023 ஜனவரி 15 அன்று இலங்கையுடன் ஒருநாள் ஆட்டம். அதற்குமுன் டிக்கெட் மீதான கேளிக்கை வரி 5 சதவீதத்திலிருந்து 12 ஆக ஏறியிருந்தது. கேள்வி கேட்டவர்களுக்கு, பட்டினி கிடப்பவர்கள் ஆட்டம் பார்க்க வர வேண்டியதில்லை என்ற பொருளில் விளையாட்டுத் துறை அமைச்சர் வி. அப்துரஹிமான் பதில் சொன்னார். பட்டினி கிடப்பவர்கள் மட்டுமில்லை, வயிறு நிறையச் சாப்பிட்டவர்களும் வரவில்லை. கோலி ஆட்டமிழக்காமல் 166, இந்தியா 317 ரன் வித்தியாசத்தில் வெற்றி, ஒருநாள் கிரிக்கெட்டில் ரன் கணக்கில் அதுவரை எந்த அணியும் பெறாத வெற்றி. பார்த்தது பெரும்பாலும் காலி நாற்காலிகள். வரியை முடிவு செய்கிறவர் ஓரிடம், டிக்கெட் விலை வைக்கிறவர் வேறிடம், காலி நாற்காலிக்குப் பதில் சொல்ல ஆளே கிடையாது.

இவையெல்லாம் சின்னக் கணக்குகள். உங்கள் குழு பார்க்க வேண்டிய பெரிய கணக்கு டெல்லியுடையது.

2010 காமன்வெல்த் போட்டிகள் என்றதும் நாட்டுக்கு நினைவு வருவது, நாலாயிரம் ரூபாய்க்கு மேல் விலை சொல்லப்பட்டதாகச் செய்திகளில் அடிபட்ட கழிவறைக் காகிதச் சுருளும், 2010 செப்டம்பர் 21 அன்று நேரு மைதானத்தின் அருகே இடிந்து விழுந்த நடைபாலமும்தான். நோய் பிடித்தது அதற்கு ஆறு வருடம் முன்னால். 2011 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை அதைப் பிசிறில்லாமல் எழுதியிருக்கிறது. 2003 மே மாதம் இந்தியா தாக்கல் செய்த விண்ணப்பத்தின்படி, அமைப்புக் குழு அரசுக்குச் சொந்தமான பதிவுபெற்ற சங்கமாக இருக்க வேண்டும். செயற்குழுத் தலைவரை அரசு நியமிக்கும். இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவர் துணைத்தலைவராக மட்டும் இருப்பார். அந்த ஆண்டு நவம்பரில் ஜமைக்காவின் மான்டிகோ பே நகரில், ஹாமில்டனை 46-22 என்ற வாக்குக்கணக்கில் தோற்கடித்து டெல்லி போட்டிகளைப் பெற்றது. (நூற்றாண்டுக்குச் சொந்தக்கார ஊரை அன்று தோற்கடித்த நாடு நாம்தான் என்பதை யாராவது விழா மேடையில் நினைவுபடுத்தாமல் இருந்தால் நல்லது.) அதன்பின் ‘புதுப்பிக்கப்பட்ட விண்ணப்பம்’ என்ற பெயரில் ஒரு தாள் முளைத்தது. அது 2003 டிசம்பரில் அனுப்பப்பட்டதாகக் குழு சொன்னது. அனுப்பியதற்கோ கிடைத்ததற்கோ சான்று இல்லை என்கிறது தணிக்கை அறிக்கை. 2004 செப்டம்பரில் ஒலிம்பிக் சங்கம் அமைச்சகத்துக்கு எழுதிய கடிதத்தின் இணைப்பாக மட்டும் அது தலைகாட்டுகிறது.

அந்தத் தாளின் பலத்தில் எல்லாம் தலைகீழானது. அன்றைய விளையாட்டுத் துறை அமைச்சர், நடிகர் சுனில் தத், கடுமையாக ஆட்சேபித்தார். அவருடைய ஆட்சேபத்தைத் தாண்டி, ஒலிம்பிக் சங்கத் தலைவர் சுரேஷ் கல்மாடியே அமைப்புக் குழுவுக்கும் தலைவரானார். 2005 பிப்ரவரியில் பதிவான சங்கம், அரசுப் பணத்தில் ஓடுகிற, அரசுக்குச் சொந்தமில்லாத சங்கமாக இருந்தது. பிறகு வந்த அமைச்சர்களில் மயிலாடுதுறை எம்.பி. மணிசங்கர் அய்யர் போட்டிகளையே வெளிப்படையாக எதிர்த்தார். அமைச்சரே எதிர்த்தும் அவரால் எதையும் நிறுத்த முடியவில்லை என்பதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். பணம் அமைச்சகத்தின் வழியாகப் போனது, அதிகாரம் போகவில்லை.

வரவுக்கும் செலவுக்கும் சரியாகிவிடும், அரசுக்குச் சுமை இல்லை என்ற வாக்குறுதியில்தான் குழு கடன் வாங்கியது. முடிவில் அது ஈட்டிய நிகர வருவாய் சுமார் ரூ.174 கோடி என்று தணிக்கை அறிக்கை கணக்கிட்டது. போட்டிகளுக்கான மத்திய, டெல்லி அரசுகளின் செலவு மதிப்பீடு ரூ.18,532 கோடி. 2010 ஆகஸ்டில், டென்னிஸ் தரை போடும் ஒப்பந்தம் தன் மகனுக்குத் தொடர்புள்ள நிறுவனத்துக்குப் போன விவகாரத்தில் குழுவின் பொருளாளர் பதவி விலகினார். 2011 ஏப்ரலில், ஆட்ட நேரமும் புள்ளிகளும் பதிவு செய்யும் கருவிகளுக்காக ஸ்விஸ் டைமிங் நிறுவனத்துடன் செய்த ரூ.141 கோடி ஒப்பந்தம் தொடர்பாக கல்மாடியை சிபிஐ கைது செய்தது. பதினாலு வருடம் கழித்து, 2025 ஏப்ரலில், அமலாக்கத் துறை தொடுத்திருந்த பணமோசடி வழக்கை முடித்துக்கொள்ளும் அறிக்கையை டெல்லி நீதிமன்றம் ஏற்றது. யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது இந்த மடலின் வேலை இல்லை. கைதுக்கும் முடிவறிக்கைக்கும் நடுவே பதினாலு வருடம் ஓடியதற்கு ஒரு காரணம், யார் எதை எந்த அதிகாரத்தில் முடிவு செய்தார் என்பதே குழுவின் அமைப்பில் குழம்பிக் கிடந்ததுதான் என்று தோன்றுகிறது.

1982 ஆசியப் போட்டிகளில் இந்தக் குழப்பம் குறைவு. சிறப்பு அமைப்புக் குழுவின் தலைவராக அமைச்சர் பூட்டா சிங் இருந்தார். நல்லதோ கெட்டதோ, நாடாளுமன்றத்தில் எழுந்து பதில் சொல்ல ஓர் ஆள். அதுவே சிறந்த வழி என்று வாதிட வேண்டியதில்லை. அமைச்சரே தலைவரானால் தணிக்கை செய்பவருக்கும் தயக்கம் வரும். லண்டன் வேறு வழியில் போனது. 2012 ஒலிம்பிக்குக்காக 2006இல் தனிச்சட்டம் இயற்றி, மைதானங்களையும் சாலைகளையும் கட்ட ஒரு பொது அமைப்பை உருவாக்கினார்கள். போட்டியை நடத்தியது தனி நிறுவனம், தலைவர் செபாஸ்டியன் கோ. சிமென்ட் வாங்குபவரும் டிக்கெட் விற்பவரும் வேறு வேறு ஆள். டோக்கியோவில் போட்டி முடிந்து ஓராண்டு கழித்து, 2022 ஆகஸ்டில், விளம்பரதாரர்களிடம் லஞ்சம் வாங்கியதாகக் குழுவின் செயற்குழு உறுப்பினர் ஒருவர் கைதானார். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமோ 2026 காமன்வெல்த் போட்டிகளை 2023 ஜூலையில் கைகழுவிவிட்டது. அதற்கு ஆன செலவு இழப்பீட்டையும் சேர்த்து 58.9 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் என்று, ஒன்பது மாதம்கூட ஆகாமல், 2024 மார்ச்சில் அங்கே தணிக்கை அறிக்கை வந்துவிட்டது. நடக்காத போட்டிக்கே அவ்வளவு வேகத்தில் கணக்கு.

பக்கத்தில் ஒரு நல்ல உதாரணமும் இருக்கிறது. உக்ரைன் போர் தொடங்கிய பிறகு ரஷ்யாவிடமிருந்து பறிக்கப்பட்ட 44ஆவது செஸ் ஒலிம்பியாட் 2022 மார்ச்சில் சென்னைக்கு வந்தது. நாலே மாதம். தமிழ்நாடு அரசு ரூ.92 கோடிக்கு மேல் ஒதுக்கி, ஐஏஎஸ் அதிகாரி ஒருவரைச் சிறப்பு அலுவலராக வைத்தது. ஜூலை 28 அன்று நேரு உள்விளையாட்டு அரங்கில் தொடக்க விழா; மாமல்லபுரத்தில் ஆட்டம். வேட்டி கட்டிய குதிரைத் ‘தம்பி’யை ஊரே கொண்டாடியது. பணம் போடுபவர் ஒருவர், ஆடும் இடம் ஒன்று, கேட்க வேண்டிய ஆள் யாரென்று காவலருக்கும் தெரியும், விருந்தினர் விடுதி மேலாளருக்கும் தெரியும். ஆனாலும் உள்ளே ஒரு விரிசல் இருந்தது. போட்டியின் இயக்குநராக இருந்த அகில இந்திய செஸ் கூட்டமைப்பின் செயலாளர் அந்தப் பதவியில் நீடிக்கக் கூடாது என்று ஜூன் மாதம் டெல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர் தேர்வானது தேசிய விளையாட்டு விதிகளுக்கு முரண் என்பது வழக்கு. ஒலிம்பியாட் வாசலில் நிற்பதைக் கருதி ஆகஸ்ட் 15 வரை தொடர உச்சநீதிமன்றம் அனுமதித்தது. போட்டி சிறப்பாக நடந்தது உண்மை. நீதிமன்றம் தந்த அவகாசத்தில் நடந்தது என்பதும் உண்மை. நல்ல அதிகாரி கிடைப்பது அதிர்ஷ்டம். அதை நம்பி நாலு வருடத்துக்குத் திட்டம் போட முடியாது.

குழு என்று ஒன்றே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கேரளம் அண்மையில் பார்த்தது. மெஸ்ஸியின் அர்ஜென்டினா அணி கேரளத்துக்கு வரும் என்று 2024 நவம்பரில் விளையாட்டுத் துறை அமைச்சர் அறிவித்தார். அடுத்த ஆகஸ்டில் அர்ஜென்டினா சங்கமும் தன் நவம்பர் ஆட்டங்களின் பட்டியலில் கேரளத்தைச் சேர்த்தது. செலவு ஒரு தனியார் விளம்பரதாரருடையது என்றார்கள். கொச்சி கலூர் மைதானத்தில் சீரமைப்பும் தொடங்கியது. நவம்பர் வந்தது, அணி வரவில்லை. மைதானத்தை எந்த ஒப்பந்தத்தின் பேரில் தனியார் கையில் கொடுத்தீர்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டபோது, அமைச்சகம், விளையாட்டு அறக்கட்டளை, வளர்ச்சி ஆணையம், விளம்பரதாரர் என்று பந்து சுற்றிச் சுற்றி வந்தது. புல்தரையில் உருள வேண்டிய பந்து.

உங்கள் கதைக்கு வருவோம். நாட்டில் இப்போது தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், 2025 இருக்கிறது. கூட்டமைப்புகளின் செயற்குழுவில் 15 பேருக்கு மேல் கூடாது. அவர்களில் குறைந்தது நாலு பெண்களும் இரண்டு சிறந்த விளையாட்டு வீரர்களும் இருக்க வேண்டும். தகராறுகளுக்குத் தனித் தீர்ப்பாயம் உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் அது நிரந்தரக் கூட்டமைப்புகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நாலைந்து வருடம் வாழ்ந்து, ஆயிரக்கணக்கான கோடியைக் கையாண்டு, கலைந்துபோகிற உங்கள் குழுவுக்கு அதன் விதிகள் தானாகப் பொருந்துமா என்று வழக்கறிஞர்கள் வாதிடும் நிலையை ஏன் வைக்க வேண்டும்? உங்கள் சங்க விதிகளிலேயே எழுதிக்கொள்ளலாம். பெண்களும் வீரர்களும் அழைப்பிதழில் பெயர் போடுவதற்காக இல்லாமல், ஒப்பந்தக் குழுவிலும் நிதிக் குழுவிலும் வாக்குரிமையோடு உட்காரட்டும்.

தலைவர் பதவியைப் பற்றியும் கூச்சமில்லாமல் பேச வேண்டும். இன்றைய ஒலிம்பிக் சங்கத் தலைவர் பி.டி. உஷா பய்யோலிக்காரர், கேரளம் அவரைத் தன் வீட்டுப் பெண்ணாகவே நினைக்கிறது. 2022 டிசம்பரில் அவர் பொறுப்பேற்றபோது இங்கே மகிழாதவர் குறைவு. 2024 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரியை நியமித்ததில் செயற்குழுவின் பெரும்பான்மையே அவருக்கு எதிராகத் திரும்பியது. பிணக்கு மாதக்கணக்கில் இழுத்தது. எந்தப் பக்கம் நியாயம் என்பது வேறு விஷயம். இப்படிப் பிணக்கு வரக்கூடிய ஒரு சங்கத்தின் தலைவர் பதவியையும், போட்டியின் அமைப்புக் குழுத் தலைவர் பதவியையும் ஒரே நாற்காலியாக ஆக்கக் கூடாது. அங்கே தேர்தல் வந்தால் இங்கே ஒப்பந்தம் நிற்கும். 2003 மே மாத விண்ணப்பம் இதைத்தான் சொன்னது. அன்று கிழித்தெறிந்த அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, தூசி தட்டினாலே உங்கள் வேலையில் பாதி முடிந்துவிடும்.

இன்னொன்று, தகவல் உரிமை. கடந்த முறை அமைப்புக் குழுவும் ஒலிம்பிக் சங்கமும், தாங்கள் பொது அமைப்பு இல்லை, கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்று நீதிமன்றம் ஏறின. 2010 ஜனவரி 7 அன்று டெல்லி உயர்நீதிமன்றம், இரண்டுமே சட்டத்துக்கு உட்பட்டவை என்று தீர்ப்பளித்தது. அப்போது போட்டிகளுக்கு ஒன்பது மாதம்கூட இல்லை. பெரிய ஒப்பந்தங்கள் பலவும் முடிந்துபோன நேரம். காலம் தாழ்ந்து திறக்கிற கதவு இருந்தும் இல்லாததுதான். 2015 தேசியப் போட்டிகளின் தொடக்க விழாவில் மோகன்லால் குழுவின் ‘லாலிசம்’ நிகழ்ச்சிக்கு ரூ.1.63 கோடி கொடுத்தது சர்ச்சையானபோது, தொகையைத் திருப்பித் தருவதாக அவரே அறிவித்தார். கலைஞர் முன்வந்தார். அந்தச் செலவை எந்தத் துணைக்குழு, யார் ஆட்சேபித்தும் ஆட்சேபிக்காமலும் ஏற்றது என்று திருவனந்தபுரத்தில் நடந்து போகிற யாரையாவது கேட்டுப் பாருங்கள். குழுவின் கூட்டக் குறிப்புகளைக் கூட்டம் முடிந்த இரண்டு வாரத்துக்குள் பொதுவில் வைப்பதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை, ஒரு தீர்மானம் போதும்.

கடைசியாக, கலைப்பு. டெல்லிப் போட்டிகள் 2010 அக்டோபர் 14 அன்று முடிந்தன. 2014 மே 28 அன்று உச்சநீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது: ஸ்விஸ் டைமிங் நிறுவனத்துக்கும் அமைப்புக் குழுவுக்கும் இடையிலான பணத் தகராறு நடுவர் முன் போக வேண்டும் என்று. மூன்றரை வருடம் கழிந்தும் அந்தக் குழு வழக்குகளில் கட்சிக்காரராக இருந்துகொண்டிருந்தது. 2030 முடிந்து, உங்களில் பலர் வேறு பதவிக்கோ ஓய்வுக்கோ போன பிறகும் இப்படிப்பட்ட கடிதங்கள் வரத்தான் செய்யும். ஒப்பந்தக்காரர் பாக்கி கேட்பார்; மைதானத்துக்கு மின்வாரியமும் மாநகராட்சியும் ரசீது அனுப்பும். ஆகவே முதல் டெண்டர் வெளியாவதற்கு முன்பே மூன்று விவரங்கள் விதிகளில் ஏறட்டும். ஒவ்வொரு மைதானத்தையும் 2031 ஜனவரி முதல் தேதி யார் பெயரில் யார் ஏற்பார், பராமரிப்புக்கான பணம் எந்தக் கணக்கில் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்கிறது, நிலுவை வழக்குகள் தீரும்வரை பதில் சொல்லப்போகும் அதிகாரி எந்தப் பதவியில் இருப்பவர். மூன்றையும் குஜராத்தியில் அச்சடித்து, அகமதாபாத் மாநகராட்சி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். அந்த அதிகாரியின் தபால் முகவரியும் தொலைபேசி எண்ணும் கீழே இருக்கட்டும்.